மரவீடும் எண்ணெய்ப் பூச்சும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, கொல்லத்துச் சாலையில் அமைந்த ஊர் கழக்கூட்டம். 1990-ல் அங்கே டெக்னோபார்க் தோன்றிய பின்னர், நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நம்மவர் பலர் அவ்வூரில் குடியேறியுள்ளனர். கண்ணாடி மாளிகைகளை நாள்தோறும் காணும் அவர்கள், அவ்வூர்ப் பெயர் வேணாட்டு வரலாற்றில் ஒரு வீட்டின் அழிவோடு பிணைந்தது என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அரசரோடு மாறுபட்ட எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அவர்களை ஒடுக்கியதோடு, அவர்தம் வீடுகளையும் தரைமட்டமாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சி. வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் நாவலால் இக்கதை மலையாள மக்கள் நெஞ்சில் நிலைபெற்றது.

பகைவர் வீடு மறைந்தது. அரசர் வீடோ இன்றும் நிற்கிறது. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் குறிப்பிடுகிறோம். மார்த்தாண்டவர்மர் 1750-ஐ ஒட்டி அதனைப் புதுக்கினார். 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956-ல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது அரண்மனை நின்ற மண் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையின் பராமரிப்போ இன்றளவும் கேரள அரசினிடம் உள்ளது. அரசர் நீங்கிய பின்னும், எல்லைக்கோடு இடம் மாறிய பின்னும் அந்த மரத்தூண்கள் நிற்பதேன்? கவனிப்பார் கை ஓயவில்லை என்பதே விடை.

மரவீடு கட்டுவதில் மலைநாட்டுத் தச்சர் முதலில் நாடியது பூச்சினை அன்று. மரத்தின் உள்ளுறுதியையே நாடினர். நாம் ‘வைரம் பாய்ந்த மரம்’ என்போம். மலையாளிகள் அந்த உட்பகுதியைக் ‘காதல்’ என்பர். பழந்தமிழில் அதற்குக் ‘காழ்’ என்று பெயர். உள்ளே காழ் உடையது மரம், புறத்தே காழ் உடையது புல் என்று தொல்காப்பியம் பகுத்தது. அப்பகுப்பின்படி தென்னையும் பனையும் புல்லாகும்! இது வெறும் இலக்கணம் அன்று. தேக்கிலும் பலாவிலும் வெளிப்புறத்து வெண்மரத்தைச் செதுக்கித் தள்ள வேண்டும். பனையிலோ புறப்பகுதியே உத்தரத்திற்கு உதவும். வெண்மரத்தைச் சோம்பலால் விட்டுவைத்தால், எப்பூச்சும் செல்லை நெடுநாள் தடுக்காது.

அடுத்தது நீர் விலக்கு. கல் அடித்தளத்தின்மேல் மரத்தை நிறுத்தியதும், இறவாரத்தைத் தாழ இறக்கியதும் இதற்காகவே. சுவாதித் திருநாள் காலத்தில் எழுந்த குதிரைமாளிகையை நோக்குங்கள். இறவாரத்தின்கீழ் வரிசையாய் நிற்கும் 122 மரக்குதிரைகள் அழகுக்குரியவை. அவற்றின்மேல் கவிந்த கூரையோ அவற்றின் உயிருக்குரியது.

மூன்றாவதாகவே எண்ணெய் வருகிறது. கடற்கரை மக்கள் தம் தோணிகளுக்கு மத்தி மீன் எண்ணெயும், முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெயும் பூசினர். முந்திரி நம் நாட்டு மரம் அன்று; 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொணர்ந்தது. அதன் தோலெண்ணெய் பூச்சியை விலக்கும். தோலில் பட்டால் மனிதனையும் புண்ணாக்கும். உலகெங்கும் மரத்தில் வாழ்ந்தோர் இத்தகைய வழிகளைக் கண்டனர். நார்வே நாட்டில் 12ஆம் நூற்றாண்டின் மரக்கோயில்கள் பைன் மரத்துத் தார் பூசிக் காக்கப்பட்டன. தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் காமேசம் என்னும் நம் நாட்டு அறிஞர் 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் சேர்க்கையால் ‘அஸ்கு’ என்னும் மருந்தினைக் கண்டார். அது உலகெங்கும் மரத்திற்குக் கவசமாயிற்று. எனினும் ஆர்சனிக் நஞ்சாதலின், குடியிருப்புகளில் அதன் பயன் பிற்காலத்தில் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டது. அம்மருந்தேற்றிய பழமரத்தை அடுப்பில் எரித்தலாகாது.

இவ்வளவும் நாம் நூலில் மட்டும் கற்றவை அல்ல. அலுவல் காரணமாகக் கழக்கூட்டத்தில் குடியிருந்தபோது, நமக்கு வாய்த்த பழைய வீட்டின் முன்கட்டுச் சுவர் முழுவதும் பலகைநிரையாக இருந்தது. பலகை வெளுத்திருக்கக் கண்டு, ஆனி மாதத்து மழைவிட்ட ஒரு ஞாயிறன்று, கடைக்காரர் தந்த வார்னிஷை நாமே பூசினோம். பளபளப்பைக் கண்டு அகமகிழ்ந்தோம். மறு ஆண்டில் பளபளப்பின் கீழே கருந்திட்டுகள் படர்ந்தன. ஈரமான மரத்தின்மேல் படலத்தை மூடி, உள்ளிருந்த நீருக்கு வழியடைத்தோம். படலம் வெடித்த இடத்தில் புதுமழையும் புகுந்தது. வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. “என் மாமியார் தை மாதத்தில்தான் எண்ணெய் இடுவார்” என்று மட்டும் கூறினார். அச்சொல் கடிதலினும் சுட்டது.

அவ்வம்மாள் காட்டிய வழியிலேயே பின்னர் பழுது தீர்த்தோம். வார்னிஷைச் சுரண்டி, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே உப்புத்தாள் தேய்த்தோம். இரு பருவமழைகளும் ஓய்ந்து மரம் உலரும்வரை காத்திருந்தோம். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாய்த் தடவி, மரம் உண்டது போக எஞ்சியதைத் துடைத்தோம். அது காய்ந்தபின் மறுபூச்சு. தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. அது காய்ந்து இறுகுவதில்லை, தூசியையே ஈர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. இறுகும்போது வெப்பம் பிறத்தலால், துடைத்த துணிகளைச் சுருட்டி எறிந்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ, விரித்து உலர்த்தியோ அப்புறப்படுத்த வேண்டும்.

நிறமூட்ட விரும்புவோர் எண்ணெய்க்கு முன்னரே சாயத்தை இடுதல் முறை. உள்ளறைக் கதவுகளுக்கு அரக்கினைச் சாராயச்சத்தில் கரைத்துச் செய்யும் பாலிஷ் அழகு தரும். மழைபடும் இடத்திற்கு அது பொருந்தாது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, வாடகை வீடு பெரும்பாலும் பெட்டி வைக்கும் இடமாகவே தோன்றுகிறது. பிறர் வீட்டுப் பலகைக்கு நாம் ஏன் எண்ணெய் இடவேண்டும் என்று கேட்கலாம். கழக்கூட்டத்துப் பிள்ளையின் வீட்டைப் படை அழித்தது என்பர். நம் காலத்தில் மரவீடுகளை அழிப்பதற்குப் படை வேண்டியதில்லை. எண்ணெய் இடாத பத்து மழைக்காலங்கள் போதும். தை பிறக்கும்போது ஒரு துணியும் ஒரு கிண்ணமும் எடுத்துக்கொள்வோர், தாம் குடியிருக்கும் ஊரின் வரலாற்றில் தாமும் ஒரு கை கொடுத்தவர் ஆவர்.