ஒரு புள்ளி வெளிச்சமும் இரும்பு மேகமும்

நட்சத்திரமாக எரிய எடை போதாத வான்பொருட்கள் உண்டு என்று 1963-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஷிவ் குமார். 1975-ல் ஜில் டார்ட்டர் அவற்றுக்குப் 'பழுப்புக் குள்ளன்' என்று பெயர் வைத்தார். கண்ணில் சிக்கியதென்னவோ 1995-ல்தான். சிக்கியும் என்ன, தொலைநோக்கியில் வெறும் புள்ளி! அதில் மேகம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கியில் கணக்குப் பார்க்கும் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். படம் கிடையாது, ஏற்ற இறக்கம் மட்டும்தான். குள்ளன் சுழலும்போது மேகம் அடர்ந்த பக்கம் நம் பார்வைக்கு வந்தால் வெளிச்சம் மங்கும். மெலிந்த பக்கம் வந்தால் கூடும். 2009-ல் எத்தியென் ஆர்ட்டிகோ குழுவினர் கனடாவில் 1.6 மீட்டர் தொலைநோக்கியில் சிம்ப் 0136 என்ற குள்ளனைக் கவனித்தார்கள். 2.4 மணிக்கு ஒரு சுற்று. சுமார் 5 சதவீத மாற்றம். இரண்டு அகச்சிவப்பு நிறங்களில் ஒப்பிட்டு, காரணம் மேகம்தான் என்றார்கள். நம்மூர் மழைமேகம் இல்லைங்க. மணல் போன்ற சிலிகேட் துகளும் இரும்பும்!

2014-ல் 6.5 ஒளியாண்டு தூரத்து லூமன் 16பி-க்கு மேற்பரப்பு வரைபடமே போட்டார்கள். 2025-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் வேறொன்று சொல்லின: சிம்ப் 0136-ன் ஏற்ற இறக்கம் முழுவதையும் மேகத்தின் பேரில் எழுத முடியாது. மேலடுக்கில் வெப்பநிலை மாறுவதற்கும் அதில் பங்கு உண்டு.