பினாங்கு வக்கீல் பீக்கிங்கில் இட்ட கையெழுத்து

வக்கீல் என்றாலே கறுப்புக் கோட்டும் நல்ல சம்பாத்தியமும்தான் உங்கள் நினைவுக்கு வரும். நம்ம பினாங்கில் வழக்காடிய பாரிஸ்டர் என். ராகவன் அரசாங்கப் பதவிக்குப் போன பாதையே வேறு.

1936-ல் மலாயா இந்தியர் மத்திய சங்கம் தோன்றியது. அதன் தலைவராகவும் ராகவன் விளங்கினார். 1938-ல் தோட்டத்து ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டபோது சங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. அதே ஆண்டு இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் பினாங்கில் இளைஞர்களுக்கான சுயராஜ்யப் பயிற்சிக்கூடத்தை ராகவன் நடத்தினார். அங்கிருந்த சிலரை ஜப்பானியர் அவரைக் கேட்காமலே இரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிடிபட்டால் என்ன கதி? அங்கே பயின்ற வக்கம் காதர் 10-9-1943-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஜப்பானியரை எதிர்த்துப் பேச ஊரே நடுங்கிய அந்தக் காலத்தில், ராகவன் கண்டனம் தெரிவித்துக் கூடத்தையே இழுத்து மூடினார்.

பின்னர் அவர் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் நிதி அமைச்சரானார். சுதந்திர இந்தியாவில் தூதரானார். 29-4-1954-ல் பீக்கிங்கில், பஞ்சசீலக் கொள்கையைத் தாங்கிய இந்திய–சீன உடன்படிக்கையில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் இவரே!

சட்டம் படித்தால் பதவி வரலாம், மாணவர்களே. நம்மை நம்பி வந்தவர்களுக்காக வலியவனிடம் மறுத்துப் பேசும் துணிச்சல் வருமா? அதையும் சேர்த்துப் படியுங்கள்!