தோட்டத்துக் காகிதங்கள்: செக்ரோல் முதல் வீட்டுச் சேமிப்புக் கணினி வரை

மலையகத் தோட்டங்களில் தொழிலாளியைப் பற்றிய காகிதம் தொழிலாளியின் கையில் இருந்தது அரிது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய காலந்தொட்டு, யார் எவருடைய கூட்டத்தைச் சேர்ந்தவர், எவ்வளவு கடன்பட்டவர் என்ற கணக்கைப் ஆள்சேர்த்து மேய்த்த பெரிய கங்காணியும் தோட்ட நிர்வாகியான துரையின் ஒப்பீசுமே வைத்திருந்தார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இலைநோய் கோப்பியை அழிக்க, மலை முழுவதும் தேயிலையானது. பயிர் மாறியும் கணக்கு வைக்கும் முறை மாறவில்லை.

அந்த முறையின் கொடிய வடிவம் துண்டு. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனை அடைத்தால் இத்தனை பேரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து, அதையே மறுபடி கூட்டத்தின் பேரில் எழுதிக்கொண்டது. தோட்டம் மாற மாறக் கடன் ஏறியது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் வாழ்க்கை அவர்களால் வாசிக்க முடியாத ஒரு சீட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அன்றாடக் கணக்கு செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலை பிரிப்பார்கள். கொழுந்து நிறுத்த பிறகு பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான். கணக்கப்பிள்ளையின் பென்சில் குறி மாத முடிவில் ஒப்பீசுப் பேரேட்டில் ஏறும். தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் பதிவுக்கு அறிவிப்பதும் துரையின் பொறுப்பாகவே இருந்தது.

இந்த ஏற்பாட்டின் விலை என்னவென்று 1948க்குப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி திறந்தது. ஆனால் 1946 தொடக்கத்துக்கு முந்தைய ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் என்றால் பத்து ஆண்டுகள், இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்கான ஆதாரமோ பெரும்பாலும் ஒப்பீசு அலுமாரியில் கிடந்தது. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகச் செய்யப்பட்டன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மீதி மக்களில் பெரும்பாலோரை இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே எண்ணிக்கையாகப் பிரித்தது. நாடற்றோர் நிலையை முடிக்கும் சட்டம் வர 2003 ஆனது.

இதனால்தான் லயம் எனப்படும் வரிசை வீட்டுக் காம்பராவில் தகரப் பெட்டிக்கு அவ்வளவு மதிப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அடுப்புப் புகையும் கூரை ஒழுக்கும் தப்பாமல் எட்டும். பிறப்புச் சான்றிதழ், கூப்பன் புத்தகம், கடவுச்சீட்டு, இந்தியாவுக்குப் போன உறவினரின் கடிதங்கள் எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு, அந்தப் பெட்டியின் அடியில் துணிக்குக் கீழே இருக்கும். 1977இலும் 1983இலும் இனவன்முறையில் லயங்கள் கொளுத்தப்பட்ட இடங்களில் பெட்டிகளும் எரிந்தன.

சமூகம் தன் ஆவணங்களைத் தானே தேடிச் சேர்த்தது தனி வரலாறு. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தார். சாரல்நாடன் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வாழ்வை எழுதினார். 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பி கிருஷிக் கும்மியைப் போன்ற மறக்கப்பட்ட அச்சு நூல்களை மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ பேசுபொருளாக்கியது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து எழுத்துகளோடு மலையக இதழ்களையும் நூல்களையும் மின்வடிவில் திறந்துவைத்தது. 2007இல் தோட்டமொன்றின் பழைய லயம் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமானது.

வீட்டுக் காகிதங்களைக் காக்கும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1991 இறுதியில் கான்பராவில் அன்ட்ரூ ட்ரிஜெல் எழுதத் தொடங்கிய சாம்பா மென்பொருள், லினக்ஸ் கணினியிலுள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளும் திறக்க வழிசெய்தது. 2012இல் 35 டொலர் விலையில் வந்த ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி, உள்ளங்கையில் அடங்கும் அளவினது. அதோடு ஒரு வன்தட்டை இணைத்து, சாம்பாவை நிறுவி, வீட்டு ரவுட்டரில் செருகினால் சேமிப்புக் கணினி தயார். வீட்டுக்குள் போனிலிருந்து படங்களை அதில் ஏற்ற இணைய இணைப்பே வேண்டாம், டேட்டாவும் செலவாகாது. முதல் பலகைகளில் வலையும் வன்தட்டும் ஒரே யுஎஸ்பி பாதையைப் பகிர்ந்ததால் வேகம் குறைவு. 2019இல் வந்த நான்காம் பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது.

இடம் பற்றிக் கவலை இல்லை. 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம், சுருக்காமல் வைத்தாலும் ஏறத்தாழ 26 மெகாபைட்தான். ஒரு டெராபைட் வன்தட்டில் 38,000 பக்கங்கள் அடங்கும். ஒரு குடும்பத்தின் காகிதங்களும் படங்களும், பாட்டிமாரின் ஒப்பாரி, தாலாட்டுப் பதிவுகளும் அதில் தாராளமாகக் கொள்ளும்.

மலைநாட்டில் கவனிக்க வேண்டியது மின்சாரமும் ஈரமும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் கணினியின் மெமரி கார்ட் பழுதாகலாம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. சிறிய யுபிஎஸ் ஒன்று கணினி ஒழுங்காக நிற்பதற்கு வேண்டிய நிமிடங்களைத் தரும். இடி முழங்கும் பிற்பகல்களில் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. அடுப்படிச் சுவரையும் ஒழுகும் மூலையையும் தவிர்க்க வேண்டும். இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு, தட்டு பழுதானால் காக்கும். தவறி அழிப்பதிலிருந்தும் தீயிலிருந்தும் மின்னலிலிருந்தும் அது காக்காது. ஆகவே இன்னொரு பிரதி தோட்டத்தின் வேறு டிவிசனிலோ ஹட்டன் நகரிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். மூலக் காகிதமும் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.