காட்சித் தேடல் வேகமும் குழந்தைப் பருவமும்

பல பொருள்களுக்கு நடுவே வேண்டிய ஒன்றைக் கண்ணால் தேடிப் பிடிப்பது காட்சித் தேடல் எனப்படும். திருச்சுழிப் பக்கம் எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதும் இதுதான். கறுப்புக் கல் சிறு பிள்ளைக்கும் சட்டெனத் தெரியும். வெள்ளைக் கல்லுக்குப் பழகிய கண் வேண்டும்.

தேடலை அளக்கும் முயற்சி பழையது. 1895 ஆம் ஆண்டில் பிரெஞ்சு உளவியலாளர் பெஞ்சமின் பூர்தோன், அச்சிட்ட தாளில் குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் அடிக்கச் சொல்லும் சோதனையை அமைத்தார். தேடலின் உள்ளமைப்பு 1980 இல் ஆன் டிரைஸ்மன், கேரி ஜெலேட் ஆகியோரின் கட்டுரைக்குப் பிறகே தெளிவாகப் பேசப்பட்டது. பச்சை வட்டங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டம் இருந்தால், மற்றவை எத்தனை இருந்தாலும் அது உடனே கண்ணில் படும். சிவப்புச் சதுரங்களும் பச்சை வட்டங்களும் கலந்து கிடந்தால் நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருள்கள் கூடக் கூட நேரமும் கூடும்.

குழந்தைகள் பின்தங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைத் தேடலில்தான். 2004 இல் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 89 வயது வரையிலான 298 பேர் பங்கேற்றனர். சிறுவரும் முதியவரும் மெதுவாகவே தேடினர். இரு பண்புகளைச் சேர்த்துத் தேடும்போது வயதின் தாக்கம் மேலும் கூடியது. பார்வை கூர்மையாக இருந்தும் ஆறு வயதுப் பிள்ளை கரும்பலகையில் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். வகுப்பறையில் இதைக் கவனக்குறைவு என்று திட்டுவதுதான் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கெனத் தொகுத்த நரம்பு உளவியல் சோதனைகளில் நிறம் அடிக்கும் சோதனையும் உண்டு. தாளில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, சாம்பல் நிறங்களில் 150 வட்டங்கள் இருக்கும். சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் விரைவாக அடிக்க வேண்டும்; ஆகும் நேரமே அளவு. எழுத்தறிவு தேவைப்படாததால், தாமதமாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். பூர்தோனின் எழுத்துத் தாளைவிட நம் ஊருக்கு ஏற்றது இதுவே.

தேடல் உள்ளிட்ட செயல்களின் வேகம் தொடக்கப்பள்ளி வயதில் விரைந்து கூடுகிறது. பதின்பருவத்தில் அந்த ஏற்றம் தணிகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒரே சீராக நடப்பதில்லை. நீண்டகால ஊட்டக்குறைவுள்ள 5 முதல் 10 வயது இந்தியப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 2008 இல் வெளிவந்தது. கவனம், நினைவு, காட்சி சார்ந்த இடவுணர்வு ஆகிய சோதனைகளில் அவர்கள் பின்தங்கினர். கை இயக்க வேகத்தில் அப்படிப் பின்தங்கவில்லை.