மகன் சைக்கிளுக்கு அடைத்த காற்று

ரோட் பைக் வாங்கிச் சில மாதம் ஓட்டியவர்கள் எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: அடுத்து எதை மாற்றலாம்? கார்பன் வீல், எலெக்ட்ரானிக் கியர், எடை குறைந்த ஹேண்டில்பார் என்று பட்டியல் நீளும். யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் டயரைப் பாருங்கள். வண்டியில் ரோட்டைத் தொடுகிற ஒரே பொருள் அது. ஆனால் எந்த டயர், எவ்வளவு அகலம், எவ்வளவு காற்று என்பதில் குழப்பம் தீர வேண்டுமென்றால், காற்றடைத்த டயர் எதற்காகப் பிறந்தது என்று தெரிய வேண்டும். அது பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல.

1887. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். ஜான் பாய்ட் டன்லப் ஸ்காட்லாந்திலிருந்து வந்து அங்கே குடியேறிய கால்நடை மருத்துவர். அவருடைய சிறு வயது மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. சக்கரங்களில் கெட்டி ரப்பர் பட்டை. தெருவெல்லாம் கல் பாவியது. அதில் ஓட்டினால் பையனுக்கு உடம்பே ஆட்டம் கண்டது. குலுக்காமல் ஓட ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே அப்பாவின் கவலை.

டன்லப் ஒரு மரப்பலகையை வட்டமாக அறுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர் தாளை ஒட்டிக் குழாயாக்கி, பலகையின் விளிம்பில் வைத்து, அதன் மேல் லினன் துணியைப் போர்த்தி, துணியின் ஓரத்தை மரத்தில் ஆணி அடித்து இறுக்கினார். லினன் நெசவில் உலகத்துக்கே தலைநகரமாக இருந்த ஊர் பெல்ஃபாஸ்ட். நல்ல துணிக்குப் பஞ்சமில்லை. காற்றடிக்க ஃபுட்பால் பம்பு.

பிறகு வீட்டு முற்றத்தில் இரண்டு சக்கரங்களையும் உருட்டிப் பார்த்தார். மகன் சைக்கிளில் இருந்த கெட்டிச் சக்கரம் பாதி வழியிலேயே வேகம் தளர்ந்து சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசி வரை ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பியது.

குலுக்கலைக் குறைக்கப் போன மனிதர் வேகத்தைக் கண்டுகொண்ட இடம் இது. இரண்டும் தனித்தனி லாபங்கள் அல்ல. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது சக்கரம், வண்டி, ஓட்டுகிறவர் என்று மொத்த எடையும் மேலே தூக்கப்படுகிறது. அதற்கான சக்தி, முன்னே போவதற்கென்று நாம் கொடுத்த சக்தியிலிருந்துதான் கழிகிறது. காற்று டயரோ கல்லின் மேல் தானே அமுங்கி, கல்லைத் தாண்டியதும் விரிந்து, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. வண்டி மேலே எழும்புவதில்லை. உடம்பில் உணர்கிற ஒவ்வொரு அதிர்வும் வீணான மிதி.

1888 டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. காலமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. முன்சக்கரம் ஆள் உயரம் இருந்த பழைய சைக்கிள்கள் மறைந்துகொண்டிருந்தன. 1885இல் கோவென்ட்ரியில் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டிதான் இன்றைய சைக்கிளின் முன்னோடி: சின்னச் சக்கரங்கள் இரண்டு, பின்சக்கரத்துக்குச் செயின். கீழே விழுந்தால் கழுத்து முறியாது என்பது அதன் பலம். சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறிக் குலுக்கி எடுத்தது பலவீனம். காற்று டயர் வந்த பிறகே அந்த வண்டி முழுமை பெற்றது.

1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி மைதானத்தில் பந்தயம். வில்லி ஹ்யூம் என்ற உள்ளூர் வீரர் தடித்த, துணி சுற்றிய டயர்களோடு வந்து நின்றபோது கூட்டம் கேலி செய்தது. அவர் கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் வென்றார். தோற்றவர்களில் டப்ளின் தொழிலதிபர் ஹார்வி டு க்ரோவின் மகன்களும் உண்டு. அந்த அப்பா கோபித்துக்கொண்டு போகவில்லை. டயரின் வருங்காலத்தைப் புரிந்துகொண்டு, அதே ஆண்டில் டப்ளினில் அதற்காக ஒரு கம்பெனியில் இறங்கினார். பின்னாளில் டன்லப் என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது அதுதான்.

டன்லப்புக்கு ஓர் அடி காத்திருந்தது. காப்புரிமை செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். காற்று டயரை அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845இலேயே பதிவு செய்திருந்தார். ரப்பர் பூசிய துணிக் குழாய், அதன் மேல் தோல் உறை. 1847இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஒரு செட் டயர் 1,200 மைல் ஓடியது. ஆனாலும் யாரும் வாங்கவில்லை. வண்டியை இழுத்தது குதிரை. தன் காலால் மிதிக்கிறவனுக்குத்தான் வீணாகும் சக்தியின் அருமை தெரியும். தாம்சன் ஓட்டிக் காட்டிய நாளில் அப்படிப்பட்டவர்கள் அரிது. கண்டுபிடிப்பின் பெருமையில் முதல் பங்கு தாம்சனுடையது என்றே நான் நினைக்கிறேன். 1873இல், டன்லப் பலகை அறுப்பதற்கு வெகு முன்பே, அவர் இறந்துவிட்டார்.

டன்லப் செய்த டயரில் ஒரு பெரிய தொல்லை இருந்தது: அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் துணியைக் கிழித்துப் பிரித்து, ஒட்டுப் போட்டு, மறுபடி ஒட்டிக் காயவைக்க வேண்டும். 1889இல் பிரான்ஸின் க்ளெர்மோன்-ஃபெரானில் ரப்பர் ஆலை நடத்திவந்த மிஷலின் சகோதரர்களிடம் இப்படி ஒரு டயர் வந்தது. பிரித்து ஒட்டவே மணிக்கணக்கு. இரவு முழுக்கக் காயவைத்து, மறுநாள் எதுவார் மிஷலின் தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காற்றுப் போனது. மிஷலினைப் பிடித்துக்கொண்டது பஞ்சர் அல்ல, அந்தக் கொஞ்ச தூரம் ஓடிய சுகம். 1891இல் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதைப் பூட்டிய ஷார்ல் தெரோன், அதே ஆண்டு பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் முதலிடம் பிடித்தார். அடுத்த ஆண்டு பாரிஸ்–க்ளெர்மோன் பந்தயத்தை நடத்திய மிஷலின்கள், டயரைக் கழற்றி மாட்டுவது எவ்வளவு சுலபம் என்று ஊருக்குக் காட்ட, ரோட்டில் தாங்களே ஆணி தூவி வைத்தார்கள். இதற்கிடையே வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் 1890இல் தனித்தனியாகச் செய்த வேலைகளிலிருந்துதான், டயரின் ஓரத்தில் கம்பி வைத்து ரிம்முக்குள் பிடித்து நிறுத்தும் இன்றைய முறை வந்தது.

இத்தனை டயருக்கும் ரப்பர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1890களில் சைக்கிள் மோகம் ஏறியபோது ரப்பர் பெரும்பாலும் காடுகளிலிருந்து வந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த காங்கோவில், கொடிகளிலிருந்து ரப்பர்ப் பால் எடுத்துவர ஊர் ஊராக அளவு விதித்தார்கள். அளவு குறைந்த ஊர்களில் கொலை நடந்தது, கைகளை வெட்டினார்கள். ஐரோப்பாவின் குலுக்கல் இல்லாத சவாரிக்கு அங்கே கொடுக்கப்பட்ட விலை அது.

இன்னொரு பக்கம், பிரேசில் விதையிலிருந்து லண்டன் க்யூ தோட்டத்தில் முளைத்த நாற்றுகள் 1876இல் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் வேர் பிடித்தன. டன்லப் காப்புரிமை வாங்கிய அதே 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைமையேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்து, மலாயாத் தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்து ரப்பர் நட வைத்தார். அந்தத் தோட்டங்களில் பால் மரம் சீவக் கங்காணிகள் கூட்டிப்போனது தமிழர்களை. விடியும் முன்னே எழுந்து, நிரை நிரையாகப் போய், சிரட்டையில் பால் சேர்த்தவர்கள் அவர்கள். டன்லப் கம்பெனிக்கே மலாயாவில் தோட்டங்கள் இருந்தன. காற்று டயர் வரலாற்றில் நம்மவர்களுடைய உழைப்புக்குரிய பக்கத்தை எந்த சைக்கிள் புத்தகமும் போதுமான அளவு எழுதவில்லை.

சைக்கிள் உலகம் பிறகு தன் பிறப்பையே மறந்தது. பந்தயக்காரர்கள் டயரை மெலியவைத்துக்கொண்டே போனார்கள். 23 மி.மீ. அகலம், 120 பி.எஸ்.ஐ. காற்று என்பது நீண்ட நாள் வேதமாக இருந்தது. விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சோதனைக்கூடத்தில் டயரை வழவழப்பான இரும்பு உருளையின் மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே காற்று ஏற ஏற டயர் வேகமாக உருளத்தான் செய்யும். ஆனால் உருளையில் கல் இல்லை. வண்டியின் மேல் அதிர்கிற உடம்பும் இல்லை. 2000களின் நடுவில் அமெரிக்காவில் ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழின் யான் ஹைனே, மனிதரை ஏற்றி நிஜ ரோட்டில் அளந்தார். கார்களை எச்சரிக்க ரோட்டோரம் வரிவரியாகச் செதுக்கிய பட்டைகளின் மேலும் ஓட்டிப் பார்த்தார். அதிர்வில் சக்தி பெருமளவு கரைவது அளவிலேயே தெரிந்தது. நல்ல தரமான அகல டயர், காற்றைக் குறைத்தாலும், பின்தங்கவில்லை. பந்தயக் குழுக்கள் 25 மி.மீ.க்கும், பிறகு 28க்கும், சிலர் அதற்கு மேலும் வந்தார்கள். நம் ஊர்ச் சந்திப்புகளுக்கு முன்னால் போட்டிருக்கும் தொடர் வேகத்தடைப் பட்டைகளில் 23 மி.மீ. டயரில் ஒரு தடவையும் 32இல் ஒரு தடவையும் போனவருக்கு ஹைனேயின் கட்டுரை தேவைப்படாது.

ஆகவே டயர் வாங்கும்போது, ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமாக வாங்குங்கள். டயருக்கு இருபக்கமும் மேலேயும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி வேண்டும். பழைய ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 25 அல்லது 28தான் நுழையும். டிஸ்க் பிரேக் வண்டிகள் பலவற்றில் 32 தாராளமாகப் போகும். பக்கச் சுவர் மெலிதாக, கையில் மடித்தால் துணி போலத் துவள்கிற டயர்தான் கல்லின் மேல் சட்டென்று அமுங்கி விரியும். பஞ்சருக்குப் பயந்து தடித்த, விறைப்பான டயர் போட்டால், டன்லப் விட்டொழித்த கெட்டிச் சக்கரத்துக்குப் பாதி தூரம் திரும்பிப் போன மாதிரிதான். தினமும் கண்ணாடிச் சில்லு கிடக்கும் ரோட்டில் வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் நான் விறைத்த டயரைச் சொல்வேன்.

பக்கச் சுவரில் 28-622 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம்; இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், மி.மீ. கணக்கில். 700 சி என்பது இந்த 622தான். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளின் 28 இஞ்ச் டயர் 635. கேட்பதற்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது.

அதே சுவரில் போட்டிருக்கும் காற்றளவு உச்ச வரம்பு. அதுவரை அடிக்க வேண்டும் என்று பொருளில்லை. 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 75 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம், 32இல் 60. முன்சக்கரத்தில் கொஞ்சம் குறைவாக. ரோடு மோசமென்றால் இன்னும் இரண்டு மூன்று குறைத்துப் பாருங்கள்; ரிம் தரையில் இடிக்கத் தொடங்கினால் அதிகம் குறைத்துவிட்டீர்கள். பஞ்சர் கடையில் அடிக்கிறார்கள் என்றால் பக்கத்தில் நின்று நிறுத்தச் சொல்லுங்கள். நம் சைக்கிள்களின் வால்டியூப் வைத்த வால்வுக்குப் பழகிய கை, ஒல்லியான ப்ரெஸ்டா வால்வின் முனையை வளைத்துவிடும். மீட்டர் வைத்த பம்பும் சின்ன அடாப்டரும் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது.

டயருக்கு அடுத்த செலவு டியூப். டி.பி.யு. என்ற மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த டியூப், சாதாரண டியூபின் எடையில் பாதிகூட இருக்காது. ரப்பர்ப் பாலில் செய்த லேடெக்ஸ் டியூப் இன்னும் சுகமாக உருளும்; ஆனால் தினமும் காற்றடிக்க வேண்டும். சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும் திரவம் ஊற்றிய ட்யூப்லெஸ், முள்ளும் சில்லும் மிகுந்த ஊருக்கு நல்ல தேர்வு. திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

வீல் அதற்குப் பிறகுதான். உயரமான கார்பன் ரிம் காற்றைக் கிழிப்பது உண்மை, அதுவும் நல்ல வேகத்தில் நெடுநேரம் ஓட்டுகிறவருக்கு. மற்றவர்களுக்கு ஸ்போக்ஸ் சரியாக இறுக்கி, கோட்டம் எடுத்த நல்ல அலுமினிய வீலே போதும். பள்ளத்தில் விழுந்தாலும் ஊரில் சரிசெய்ய ஆள் கிடைப்பார். வாங்கும்போது ரிம்மின் உள் அகலத்தைக் கேளுங்கள்; 28 மி.மீ. டயருக்கு 19 முதல் 21 மி.மீ. பொருத்தம். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதில் 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கக் கூடாது. ரிம் தயாரிப்பாளர் எந்தெந்த டயர் பொருந்தும் என்று பட்டியல் கொடுத்திருப்பார். உங்கள் டயர் அதில் இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வீலை வாங்காதீர்கள்.