'ஒப்ஸ்குரா'வை வெறுத்தவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்

கனடாவின் டெத் மெட்டல் குழுவான கோர்கட்ஸ் 1998 ஜூனில் 'ஒப்ஸ்குரா'வை வெளியிட்டபோது, பிடிக்காதவர்கள் சொன்ன குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன: கிட்டார் முனகுகிறது, தாளம் பிடிபடவில்லை, எது ரிஃப் (பாட்டை இழுத்துச் செல்லும் கிட்டார் சொற்றொடர்), எது பிழை என்றே தெரியவில்லை. இன்று அந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் இதே மூன்றைத்தான் சொல்கிறார்கள். சொல்லும் தொனிதான் வேறு.

டெத் மெட்டல் வரலாற்றில் இந்த ஆல்பத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை மிகவும் எளிமையானது. காலத்தை முந்திய படைப்பு, புரிந்துகொள்ளாத ரசிகர்கள், பிறகு வந்த ஞானம். இந்தக் கதையில் 1998ஆம் ஆண்டின் ரசிகர்கள் செவிடர்களாகிவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

அவர்களுடைய எதிர்பார்ப்பை வளர்த்ததே கோர்கட்ஸ்தான். கியூபெக் மாகாணத்தின் ஷெர்புரூக் நகரில் 1989-இல் தொடங்கிய குழு அது. முதல் ஆல்பமான 'கன்சிடர்ட் டெட்' 1991-இல் வந்தது. அதைப் பதிவு செய்ய இளைஞர்கள் புளோரிடாவின் டாம்பா நகருக்கே போனார்கள். அங்கே மோரிசவுண்ட் ஸ்டுடியோவும் அதன் ஒலிப்பதிவாளர் ஸ்காட் பர்ன்ஸும் டெத் மெட்டலின் ஒலியையே வார்த்துக்கொண்டிருந்த காலம். 1993-இல் வந்த 'தி இரோஷன் ஆஃப் சானிட்டி' இன்னும் சிக்கலானது. ரிஃப்கள் சட்டென்று திசை மாறும், கால அளவுகள் உடையும், ஆனால் வேகமும் உறுமலும் குறையாது. டெக்னிக்கல் டெத் மெட்டல் என்று பின்னர் பெயர் நிலைத்த பாணிக்கு அது நல்ல உதாரணம். இதை வாங்கிக் கேட்டவர் அடுத்த ஆல்பத்தில் இன்னும் வேகமான விரல்களை எதிர்பார்த்தால் அதில் என்ன தவறு?

அடுத்த ஆல்பம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. ஆல்பங்களை வெளியிட்டுவந்த ரோட்ரன்னர் இசை நிறுவனம் குழுவைக் கைவிட்டது. பழைய உறுப்பினர்கள் விலகினார்கள். பாடகரும் கிட்டாரிஸ்டுமான லூக் லெமே மட்டுமே மிஞ்சினார். டெத் மெட்டலுக்கே சந்தை சுருங்கிக்கொண்டிருந்தது. இளம் ரசிகர்களின் காது நார்வேயின் பிளாக் மெட்டல் பக்கம் திரும்பியிருந்தது.

பாதை மாறிய குழுக்களுக்கு அந்தக் காலத்து ரசிகர்கள் கருணை காட்டியதும் இல்லை. நெதர்லாந்தின் பெஸ்டிலென்ஸ் 1993-இல் கிட்டார் சிந்தசைசர்களையும் ஜாஸ் சாயலையும் சேர்த்து 'ஸ்பியர்ஸ்' வெளியிட்டது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். மறு ஆண்டே குழு கலைந்தது. அதே 1993-இல் 'ஃபோகஸ்' வெளியிட்ட அமெரிக்காவின் சினிக், கானிபல் கார்ப்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவுடன் சுற்றுப்பயணம் போய், கூட்டத்தின் பகையை மேடையிலேயே சம்பாதித்துக்கொண்டது. இந்த இரண்டு ஆல்பங்களும்கூட இன்று மதிக்கப்படுகின்றன என்பது வேறு விஷயம். ஆனால் அவை மென்மையின் பக்கம் நகர்ந்தவை. 'ஒப்ஸ்குரா' நகர்ந்தது நேர் எதிர்த் திசையில்.

லெமேயோடு சேர்ந்தவர்களில் முக்கியமானவர் இரண்டாவது கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹர்டல். பாஸ் வாசிக்க ஸ்டீவ் க்ளூட்டியர் வந்தார். பாட்டுகள் உருவான காலத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஸ்டீவ் மெக்டொனால்ட்; பதிவில் வாசித்தவர் பாட்ரிக் ராபர்ட். இசையமைக்கும்போது இவர்கள் தங்களுக்குத் தாங்களே சில தடைகளைப் போட்டுக்கொண்டார்கள். ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் அடித்துக்கொண்டே போகும் ட்ரெமலோ வேண்டாம். டெத் மெட்டலில் எல்லாரும் வாசிக்கும் அந்தப் பாய்ச்சல் தாளமும் வேண்டாம். இந்த இசையின் இரண்டு கால்களையும் கட்டிவிட்டு நடக்கச் சொன்னது மாதிரிதான்.

நடை விந்தையாகத்தான் இருந்தது. கம்பிகள் சுரண்டப்படுகின்றன, வளைக்கப்படுகின்றன; ஒன்றோடொன்று உரசும் சுரங்களை இரு கிட்டார்களும் வேண்டுமென்றே அருகருகே வைக்கின்றன. நம் கச்சேரிகளில் அபஸ்வரம் என்று சொல்லி எழுந்துபோகக்கூடிய ஒலிகள் இங்கே பாட்டின் அஸ்திவாரம். 'எர்த்லி லவ்' பாட்டில் லெமே வயோலா வாசிக்கிறார். அதுவும் ஆறுதல் தருவதற்காக அல்ல. 'க்ளவுடட்' ஒன்பது நிமிடத்துக்கு மேல், சேற்றில் கால் இழுப்பது போன்ற மந்த கதியில் நகர்கிறது. லெமேயின் குரல் ஆழ்ந்த உறுமலை விட்டுவிட்டு, தொண்டை நெரிபடும் அலறலாகிவிட்டது. பிணங்களும் குடலும் பாடல் வரிகளிலிருந்து போய்விட்டன, ஆன்மத் தேடல் வந்துவிட்டது. பன்னிரண்டு பாட்டுகள், சுமார் ஒரு மணி நேரம். பழைய ரசிகர் பிடித்துக்கொள்ளக்கூடிய கைப்பிடி ஒன்றுகூட இல்லை.

ஆக, பிடிக்கவில்லை என்றவர்கள் இசையை மிகச் சரியாகவே கேட்டார்கள். அவலட்சணமாக இருக்கிறது என்றார்கள், அவலட்சணமாகத்தான் செய்யப்பட்டிருந்தது. பிழை போலிருக்கிறது என்றார்கள். பிழைக்கும் நோக்கத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டை அழிப்பதே அந்தக் கிட்டார்களின் வேலை. கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் ரசிகர்கள் பிரிந்தார்கள். பலர் ஆல்பத்தை ஒதுக்கிவைத்தார்கள். ஒரு சிலர், பெரும்பாலும் தாங்களே கிட்டார் பிடித்தவர்கள், திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

அந்தச் சிலரிடமிருந்து வந்த பதில்தான் வரலாற்றைத் திருப்பியது. ஜெர்மனியில் ஒரு டெக்னிக்கல் டெத் மெட்டல் குழு தன் பெயரையே 'ஒப்ஸ்குரா' என்று மாற்றிக்கொண்டது. நியூஸிலாந்தின் அல்சரேட் அந்த உரசல் ஒலியிலிருந்து தனக்கென ஒரு பாணியை எழுப்பியது. இத்தகைய குழுக்களைக் கேட்டுப் பழகிய பிறகு 'ஒப்ஸ்குரா'வுக்குத் திரும்பியவர்களுக்குப் பழைய அதிர்ச்சி பாதியாகக் குறைந்திருந்தது. 1998-இல் கேட்டவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

கோர்கட்ஸுக்கு இதனால் உடனடி லாபம் எதுவும் இல்லை. ஹர்டல் விலகினார். 2001-இல் 'ஃப்ரம் விஸ்டம் டு ஹேட்' வந்தது. மார்ட்டிர் குழுவின் டேனியல் மோங்ரைன் கிட்டாரில், மெக்டொனால்ட் மீண்டும் டிரம்ஸில். புதிய ஒலிக்குள் பழைய வேகத்தைக் கொண்டுவந்த ஆல்பம் அது. சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 'ஒப்ஸ்குரா' பித்துப் பிடித்தவர்களோ இதைச் சமரசம் என்றார்கள். வெறுக்கப்பட்ட ஆல்பம் மூன்றே ஆண்டுகளில் அளவுகோலாகிவிட்டதை இங்கே பார்க்கலாம். அடுத்த ஆண்டு மெக்டொனால்ட் இறந்தார். குழு மெல்லக் கலைந்தது.

2008-இல் லெமே கோர்கட்ஸை மீண்டும் கட்டியபோது சேர்ந்தவர்கள் கெவின் ஹஃப்நேகல், காலின் மார்ஸ்டன், ஜான் லாங்ஸ்ட்ரெத். மூவரும் தங்கள் சொந்தக் குழுக்களால் பெயர் பெற்ற அமெரிக்கர்கள், லெமேயின் பழைய ஆல்பங்களை மதித்தவர்கள். ரசிகர் வரிசையிலிருந்தே குழு அமைந்துவிட்டது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஹர்டல் 2012-இல் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த 'கலர்ட் சாண்ட்ஸ்' திபெத்தைப் பற்றியது. வண்ண மணலால் மண்டலம் வரையும் சடங்கிலிருந்து வந்தது தலைப்பு. ஆல்பத்தின் நடுவே 1950-இல் சீனப் படையெடுப்பின்போது நடந்த சாம்தோ போரைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதில் கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை, முழுக்க முழுக்க வில் வாத்தியங்கள். கன்சர்வேட்டரியில் இசையமைப்புப் பயின்றவர் லெமே என்பது அங்கே தெரிகிறது.

டெத் மெட்டல் ஆல்பத்தின் நடுவே வில் வாத்தியக் கோவை. 1993-இல் இதைச் செய்திருந்தால் பெஸ்டிலென்ஸின் கதிதான். 2013-இல் விமர்சகர்களும் ரசிகர்களும் கிட்டத்தட்ட ஒரே குரலில் வரவேற்றார்கள்.

'கலர்ட் சாண்ட்ஸ்' தெளிவான, கம்பீரமான ஆல்பம். மலை, படையெடுப்பு, தப்பி ஓடுதல் என்று கதை நகரும் ஒழுங்கும் அதற்கு உண்டு. ஆனால் அதற்குக் கிடைத்த பாராட்டில் ஒரு பங்கு 'ஒப்ஸ்குரா'வுக்குத் தாமதமாகச் செலுத்தப்பட்ட பாக்கி என்றே தோன்றுகிறது. 2016-இல் பாக்தாதின் பழைய அறிவு மையமான ஞான இல்லத்தைப் பற்றி முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரே பாட்டாக 'ப்ளேயடீஸ் டஸ்ட்' வந்தபோதும் பெரிய சண்டை எழவில்லை. கோர்கட்ஸ் ரசிகர்கள் இன்றும் சண்டை போட விரும்பினால் 'ஃப்ரம் விஸ்டம் டு ஹேட்'டைத்தான் இழுக்கிறார்கள்: அது சமரசமா, இல்லை இரண்டு பாதைகளும் சேர்ந்த இடமா என்று.