கொழுக்கட்டைப்புல் விதைப்பயிரில் களைக் கட்டுப்பாடு

கொழுக்கட்டைப்புல் (சென்கிரஸ் சிலியாரிஸ்) திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடுகளின் முதன்மையான மேய்ச்சல் புல். கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் இப்புல்லும் சேர்ந்த மானாவாரி நிலமே கொறங்காடு. காங்கேயம் மாடுகள் இதை நம்பி வளர்பவை. தேய்ந்துபோன கொறங்காட்டைப் புதுப்பிக்கக் களைவிதை கலவாத புல்விதை இன்றியமையாதது.

களைகள்

சாரணை, பார்த்தீனியம், கோரை, அறுகு ஆகியவை முக்கியக் களைகள். புல் நாற்று மெதுவாக வளர்வதால், முளைத்த முதல் சில வாரங்களில் களை முந்திக்கொள்ளும். சுணையுள்ள விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் சல்லடையில் களைவிதையைப் பிரிப்பது கடினம். ஆகவே வயலிலேயே களையை ஒழிக்க வேண்டும்.

களைக்கொல்லிகள்

அகன்ற இலைக் களைகளை 2,4-டி கொல்லும். புல்லுக்குப் பெரிதும் தீங்கு செய்யாது. ஆனால் காற்றில் பரவும் அதன் துளியைப் பருத்தி தாங்காது. பருத்தி விளையும் மூலனூர் போன்ற பகுதிகளில் இது பெரிய இடர். சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயன்படும் அட்ரசின், புல்லோடு கலந்து விதைக்கும் முயல்மசால் போன்ற பயறுவகைச் செடிகளைக் கெடுக்கும். வேரூன்றிய புல் தாங்கும் அளவை இளநாற்று தாங்காது.

புல்வகைக் களையை நீக்குவதே மிகக் கடினம். பயிரும் களையும் ஒரே குடும்பம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் புல்விதை விளைவிப்போர், விதை வரிசையின் மேல் கிளர்வூட்டிய கரியைப் பட்டையாகப் போட்டு, வயல் முழுதும் டையூரான் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கின்றனர். கரி மருந்தை உறிஞ்சுவதால் நாற்று பிழைக்கும்; வரிசைக்கு இடையிலுள்ள களை மடியும். எனினும் அங்கு டையூரானைத் தாங்கும் களைப்புற்கள் தோன்றிவிட்டன. ஒரே மருந்தை ஆண்டுதோறும் நம்புவது ஆபத்து என்பதற்கு இது சான்று.

பாதுகாப்பும் மாற்று வழிகளும்

இந்தியாவில் களைக்கொல்லிகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ், பயன்படும் பயிரைக் குறிப்பிட்டுப் பதிவாகின்றன. விதை எடுத்த வயலில் கால்நடை மேயும் என்பதால், புதிய மருந்தைச் சோதிக்கும்போது தீவனத்தில் தங்கும் எச்சத்தையும் அளந்தாக வேண்டும்.

முதல் மழைக்கு முளைக்கும் களையை உழுது அழித்தபின் விதைப்பது, வரிசை விதைப்பு, பூக்கும் முன் கைக்களை ஆகியவை செலவு குறைந்த வழிகள். உயிரியல் வழியும் உண்டு: பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. களைக்கொல்லி இவற்றுக்குத் துணையாக, நாற்றுப் பருவத்தின் நெருக்கடிக்கு மட்டும் பயன்படுவதே கொறங்காட்டுக்குப் பொருந்தும்.